பட்டாளத்து வீட்டின் வைத்தியச் செலவு

கால் போன பட்டாளத்துக்காரரின் மனைவிக்குக் கர்ப்பப்பையில் ஆபரேஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள். செலவை யார் கொடுப்பது? ஊரில் கேட்டால், "மிலிட்டரிக்காரர் வீட்டுக்கு என்ன கவலை, எல்லாம் இலவசம்" என்று பதில் வரும். அது பாதிதான் உண்மை. கால் எங்கே போனது, எந்த வருடம் போனது, அதற்குள் அவர் எத்தனை வருடம் சர்வீஸ் முடித்திருந்தார், ஊருக்கு அனுப்புமுன் மெடிக்கல் போர்டு அவருடைய கோப்பில் என்ன எழுதியது, இத்தனையும் தெரிந்த பிறகுதான் அந்த அம்மாவின் ஆபரேஷனுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று சொல்ல முடியும். நோய் மனைவிக்கு, தீர்ப்பு கணவரின் பழைய காகிதத்தில்.

நம் நாட்டில் படைவீரர் குடும்பத்தின் மருத்துவப் பாதுகாப்பு அவருடைய ஊனத்தோடு கட்டப்படவில்லை, ஓய்வூதியத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. பென்ஷன் இருந்தால் மருத்துவ கார்டு, பென்ஷன் இல்லாவிட்டால் கார்டு இல்லை. ஊனம் எவ்வளவு பெரியது என்பது இரண்டாவது கேள்விதான். கார்டு கிடைத்த வீட்டிலும் அது ஆஸ்பத்திரி வாசல்வரைதான் துணைக்கு வருகிறது. ஊனமோ வீட்டுக்குள் கட்டிலில் இருக்கிறது.

இதைத் தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாட்டிலிருந்து பார்க்கக் காரணம் உண்டு. சென்னையிலோ வெலிங்டனிலோ இருந்து பார்த்தால் திட்டம் சரியாகவே தெரியும். ராணுவ மருத்துவமனை பக்கத்தில் இருக்கும். மணப்பாடு அப்படிப்பட்ட ஊர் இல்லை. 1542இல் இந்தக் கரைக்கு வந்த சவேரியாரின் பெயரால் வழங்கும் குகை, 1581இல் மணல்மேட்டின் மேல் எழுந்த திருச்சிலுவைக் கோயில், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனை, பரதவர் வீடுகள். பக்கத்தில் குலசேகரன்பட்டினம், உள்ளே உடன்குடி. திருச்செந்தூர் 18 கிலோமீட்டர், தூத்துக்குடி சுமார் 60, திருநெல்வேலி இன்னும் கொஞ்சம் கூடுதல். திருநெல்வேலி மாவட்டத்து விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் இருக்கிறது, அது தகவல் தொடர்பு நிலையம், ஆஸ்பத்திரி அல்ல. ராணுவ மருத்துவமனை வேண்டுமென்றால் மாநில எல்லை தாண்டித் திருவனந்தபுரம் பாங்கோட்டுக்குப் போக வேண்டும், அல்லது நெடுந்தூரம் பயணப்பட்டுச் சென்னைக்கோ வெலிங்டனுக்கோ. நாட்டில் பெரும்பாலான முன்னாள் படைவீரர்கள் இப்படிப்பட்ட ஊர்களில்தான் இருக்கிறார்கள். திட்டத்தை இங்கிருந்து அளப்பதுதான் நியாயம்.

கார்டு

2003க்கு முன் ஓய்வுபெற்ற சிப்பாய்க்கு ராணுவ மருத்துவமனையில் இடமிருந்தால் வைத்தியம். அது எட்டாத தொலைவில் இருந்தவருக்கு மருத்துவப்படி என்று மாதம் 100 ரூபாய். அந்த நூறு ரூபாயில் ஒரு குடும்பத்தின் ஒரு மாதக் காய்ச்சல் தலைவலிக்குக்கூடக் காணாது.

2003 ஏப்ரல் 1 அன்று முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம் தொடங்கியது. ஈ.சி.எச்.எஸ். என்றால்தான் எல்லோருக்கும் புரியும். மத்திய அரசு ஊழியர்களின் சி.ஜி.எச்.எஸ். திட்டத்தை மாதிரியாக வைத்துச் செய்தது. நாடு முழுக்க நானூறுக்கும் மேற்பட்ட பாலிகிளினிக்குகள். அங்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். பெரிய வைத்தியம் என்றால் அவர் ரெஃபரல் எழுதுவார். அதை எடுத்துக்கொண்டு திட்டத்தில் சேர்ந்திருக்கும் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனால் கையில் காசு கொடுக்காமல் சிகிச்சை. பில்லை அரசு சி.ஜி.எச்.எஸ். விகிதத்தில் தீர்க்கும். வீரர்களும் குடும்பத்தாருமாக ஏறத்தாழ 60 லட்சம் பேர் இதில் இருக்கிறார்கள்.

குறை சொல்லுமுன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தனியார் காப்பீட்டுக் கம்பெனிகள் எந்த வாசலில் ஆளைத் திருப்பி அனுப்புமோ, அந்த வாசல்கள் இங்கே இல்லை. வயது வரம்பு கிடையாது. ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் கிடையாது. ஆண்டுக்கு இத்தனை லட்சம்தான் என்ற உச்சவரம்பும் கிடையாது. ஒரு தடவை பணம் கட்டினால் ஆயுளுக்கும் போதும். கணவர் காலமானாலும் குடும்ப ஓய்வூதியம் பெறும் மனைவிக்கு கார்டு தொடரும். எழுபது வயது கிழவிக்கு மூட்டு மாற்று சிகிச்சை ஒரு பைசா இல்லாமல் நடக்கிறது என்றால் அது சின்ன விஷயம் இல்லை.

2017 டிசம்பர் கடைசியில் வந்த ஆணைப்படி, ஹவில்தார் வரை உள்ளவர்கள் கட்ட வேண்டியது 30,000 ரூபாய், நாயிப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை 67,000, ஆபீசர்களுக்கு 1,20,000. போர் விதவைகளுக்கும் 1996 ஜனவரி 1க்கு முன் ஓய்வுபெற்றவர்களுக்கும் கட்டணமில்லை. வார்டும் இதே வரிசைதான்: ஜெனரல், செமி பிரைவேட், பிரைவேட். முதுகெலும்பு முறிந்த சிப்பாயும் அவர் மனைவியும் ஜெனரல் வார்டு, சர்க்கரை மட்டும் உள்ள கர்னல் தனி அறை. படையில் தரவரிசை வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். படுக்கைப் புண்ணுக்குத் தரவரிசை எதற்கு என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

குடும்பம் என்றால் யார்? மனைவி அல்லது கணவர். மகனுக்கு 25 வயதுவரை, அதற்குள் கல்யாணமோ வேலையோ ஆகிவிட்டால் அதுவரை. மகளுக்குக் கல்யாணமோ சம்பாத்தியமோ ஆகும்வரை. விதவையாகவோ விவாகரத்தாகியோ திரும்பி வந்து பெற்றோரைச் சார்ந்திருந்தால் மறுபடியும் உண்டு. உடலாலோ மனதாலோ நிரந்தரமாக முடியாத பிள்ளைக்கு வயது வரம்பில்லை. பெற்றோருக்கு, மாத வருமானம் 9,000 ரூபாயும் அதற்குரிய அகவிலைப்படியும் தாண்டாதவரை. காகிதத்தில் இது தாராளமான பட்டியல்தான்.

ஆனால் பட்டியலில் பேர் ஏற வேண்டுமே. பட்டாளத்தில் இருக்கும்போதே கல்யாணமும் பிள்ளைப் பேறும் 'பார்ட் டூ ஆர்டர்' என்ற படைப்பிரிவின் பதிவாணையில் ஏறியிருக்க வேண்டும். அதிலிருந்து டிஸ்சார்ஜ் புக்குக்கும், பிறகு பென்ஷன் ஆணைக்கும், கடைசியில் கார்டுக்கும் போகும். நடுவில் ஒரு எழுத்து பிசகினாலும் கதை முடிந்தது. கடற்கரைக் கத்தோலிக்க வீடுகளில் பிசகாமல் இருந்தால்தான் அதிசயம். கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிட ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் இனிஷியலோடு சுருங்கிய ஒன்று, ஆதாரில் பெர்னாண்டோவோ கோமஸோ ஒட்டிக்கொண்ட இன்னொன்று. பிறந்த தேதியும் இப்படியே. திருத்துவதற்கு ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, பீரங்கிப் படை என்றால் நாசிக். உறுதிமொழிப் பத்திரம், இருவர் சாட்சி, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் மேலொப்பம். கை கால் நன்றாக இருப்பவரே சலித்துப்போகும் அலைச்சல் இது. தலையில் காயம்பட்டு நினைவு தடுமாறுபவர் வீட்டில் இந்த வேலை முழுக்க மனைவி தலையில் விழுகிறது. அவருக்கு ரெஜிமென்ட் பெயரே சரியாகத் தெரியாமல் இருக்கலாம்.

மூன்று வீடுகள்

மணப்பாட்டில் ஒரே தெருவில் மூன்று வீடுகளைக் கற்பனை செய்துகொள்வோம். மூவரும் பட்டாளத்திலிருந்து முடியாமல் திரும்பியவர்கள்.

முதலாமவர் 1987க்கும் 1990க்கும் இடையில் இலங்கைக்குப் போன அமைதிப்படையில் இருந்தவர். அந்த 'ஆபரேஷன் பவ'னில் இந்தியத் தரப்பில் ஏறத்தாழ 1,200 பேர் இறந்தார்கள், காயம்பட்டவர்கள் சுமார் மூவாயிரம். மணப்பாட்டுக் கடற்கரையில் நின்றால் அந்தத் தீவு இருக்கும் திசைதான் எதிரே. கண்ணிவெடியில் கால் போன இவருடைய காயம் போர்க்காயம். போர்க்காய ஓய்வூதியம் உண்டு, ஈ.சி.எச்.எஸ். உண்டு, 1996க்கு முன் வந்துவிட்டதால் பங்களிப்பும் இல்லை. மனைவியின் ஆபரேஷனுக்குக் கவலையில்லை.

இரண்டாமவர் 12 வருட சர்வீஸில், லீவில் ஊருக்கு வந்திருந்தபோது திருச்செந்தூர் ரோட்டில் பைக்கில் அடிபட்டுக் கால் இழந்தவர். அதே கால்தான். ஆனால் லீவில் நேர்ந்த விபத்துக்கும் படைப்பணிக்கும் ஏதாவது தொடர்பைக் காட்டினால்தான் அது பணியால் வந்த ஊனம். காட்ட முடியாவிட்டால் ஊன ஓய்வூதியம் இல்லை. பத்து வருடத்துக்கு மேல் சர்வீஸ் இருப்பதால் 'இன்வேலிட் பென்ஷன்' கிடைக்கும். அந்தப் பென்ஷனைப் பிடித்துக்கொண்டு, பணம் கட்டி, குடும்பம் ஈ.சி.எச்.எஸ்.ஸுக்குள் வந்துவிடும்.

மூன்றாமவர் விஷயம்தான் கனமானது. ஏழு வருடம் சர்வீஸ். காஷ்மீரோ வடகிழக்கோ ஏதோ ஒரு எல்லைக் காவலில் இருந்தபோது மனம் கலங்கியது. யாரோ பேசுவதாகக் கேட்கிறது, தூக்கமில்லை. மெடிக்கல் போர்டு 'ஸ்கிசோஃப்ரினியா' என்று எழுதியது. கூடவே இது பிறவிக்கூறு, பணியால் வந்ததும் அல்ல, பணியால் கூடியதும் அல்ல என்று ஒரு வரி சேர்த்தது. 2019க்கு முன் இப்படி வெளியேற்றப்பட்டவருக்குப் பத்து வருடம் நிரம்பாததால் பென்ஷன் கிடையாது, ஒரு தடவைப் பணிக்கொடை மட்டும். முன்னாள் படைவீரர் என்ற வரையறைக்குள்ளேயே பெரும்பாலும் அவர் வரமாட்டார். ஈ.சி.எச்.எஸ். இல்லை, கேன்டீன் இல்லை. மூவரில் மாதாமாதம், ஆயுள் முழுக்க மருந்து தேவைப்படுவது இவருக்குத்தான். முழுநேரமும் கூட இருக்க வேண்டிய மனைவியும் இவர் மனைவிதான். மூன்று குடும்பங்களில் மருத்துவப் பாதுகாப்பு மிக அதிகமாக வேண்டியிருக்கும் குடும்பத்துக்கு ஒன்றுமில்லை.

அந்த ஒரு வரியைப் பற்றி நீதிமன்றங்கள் நிறையப் பேசிவிட்டன. 2013 ஜூலையில் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு பெரிய கதவைத் திறந்தது. படையில் சேரும்போது மருத்துவப் பரிசோதனை செய்து நல்ல ஆள் என்றுதானே எடுத்தீர்கள்? அப்போது நோய் என்று எதுவும் குறிக்காமல், பிறகு வந்த நோயைப் 'பிறவிக்கூறு' என்று சொன்னால் அதற்குக் காரணம் காட்ட வேண்டியது போர்டுதான். சந்தேகத்தின் பலன் சிப்பாய்க்கே. அதே மாதம் வீர் பால் சிங் வழக்கில், ஸ்கிசோஃப்ரினியா என்று வெளியேற்றப்பட்ட ஒருவரை மறுபடியும் மருத்துவக் குழு பார்க்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 2014இல் சுக்விந்தர் சிங் வழக்கில், ஊனத்துக்காக ஒருவரை வெளியேற்றினால் அது 20 சதவீதத்துக்கும் மேற்பட்ட ஊனம் என்றே கொள்ள வேண்டும் என்றது. அதே ஆண்டு டிசம்பரில் ராம் அவதார் வழக்கில், பணிக்காலம் முடித்து ஓய்வுபெற்றவர்களுக்கும் ஊன விகிதத்தை 50, 75, 100 என்று மேல்நோக்கிச் சேர்த்துக் கணக்கிடும் சலுகை உண்டு என்றது.

இந்தத் தீர்ப்புகளெல்லாம் பென்ஷனைப் பற்றியவை. ஆனால் பென்ஷன் கிடைத்தால் அதோடு கார்டும் வரும் என்பதால், ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் ஆஸ்பத்திரிச் செலவைப் பற்றிய தீர்ப்பும்தான். 2009இல் செயல்படத் தொடங்கிய ராணுவத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்கு இப்படிப்பட்ட வழக்குகள் போய்க்கொண்டே இருக்கின்றன. மனம் கலங்கிய மனிதர் தானே போய் வழக்குப் போடுவார் என்று எதிர்பார்ப்பது ஒரு கொடுமை. அண்ணன் தம்பியோ மனைவியோ இறங்கிச் செய்தால் உண்டு. கிராமத்தில் அந்த நோயையே வெளியே சொல்லமாட்டார்கள், பேய்க்கோளாறு என்று தர்காவுக்கும் கோயிலுக்கும் அலைவார்கள். கோப்பைத் தேடுவது யார்?

2020 ஜூலையில் அரசு ஒரு மாற்றம் செய்தது. படைவேலைக்கும் வெளிவேலைக்கும் நிரந்தரமாக உதவாதவராக ஆகிவிட்டால், பத்து வருடம் நிரம்பாவிட்டாலும் இன்வேலிட் பென்ஷன் உண்டு. நல்லது. ஆனால் 2019 ஜனவரி 4 அன்றோ அதற்குப் பிறகோ பணியில் இருந்தவர்களுக்கு மட்டும். அதற்கு முந்தின நாள் வெளியே வந்தவரின் மனைவிக்கு என்ன பதில்? தீர்ப்பாயத்தின் லக்னோ அமர்வு இந்த நாள்வரம்பு செல்லாது என்றது. ஆனாலும் ஒவ்வொருவராகத் தீர்ப்பாயப் படியேறித்தான் வாங்க வேண்டியிருக்கிறது. பழையவர்களின் கோப்புகளை அரசு தானே எடுத்துப் பார்த்து முடித்துவிடலாம். ஆட்களின் எண்ணிக்கை ஒன்றும் மலைக்க வைப்பதாக இருக்காது.

இதே இடுக்கில்தான் பயிற்சி மாணவர்களும் விழுந்து கிடந்தார்கள். தேசியப் பாதுகாப்பு அகாதமியிலும் இந்திய ராணுவ அகாதமியிலும் பயிற்சியில் அடிபட்டு வெளியேற்றப்பட்ட கேடட்டுகள், கமிஷன் ஆகவில்லை என்ற காரணத்தால் முன்னாள் படைவீரர் கணக்கில் வரவில்லை. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் பத்திரிகைச் செய்தியைப் பார்த்துத் தானாகவே வழக்கை எடுத்தது. அந்த மாதக் கடைசியிலேயே அவர்களுக்கு ஈ.சி.எச்.எஸ். வசதி அறிவிக்கப்பட்டது. பல்லாண்டுகளாக முடியாதது சில வாரத்தில் முடிந்தது. கார்டுக்குப் பென்ஷன்தான் கட்டாயம் என்பது அசைக்க முடியாத விதி அல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

பக்கத்து வீட்டு மீனவர்

மணப்பாட்டில் ஆபத்தான வேலை பட்டாளம் மட்டுமா? முத்துக் குளித்த கடல் இது. கடைசி அரசு முத்துக் குளிப்பு 1961இல் நடந்தது. குளிப்பவரின் இடுப்புக் கயிற்றை மேலே மைத்துனர்தான் பிடிப்பார், கூடப்பிறந்தவளின் தாலி தன் கையில் என்பதால் விடமாட்டார் என்று இந்தக் கரையில் சொல்வார்கள். அன்றைக்கு அதுதான் இன்ஷூரன்ஸ். இன்றைக்கு மீனவர் கடலில் இறந்தாலோ முழு ஊனமானாலோ பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் குழு விபத்துக் காப்பீட்டில் 5 லட்சம், பகுதி ஊனத்துக்கு இரண்டரை லட்சம். குடும்பத்தின் வைத்தியத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012இல் இந்தப் பெயருக்கு மாறியது. இப்போது ஆண்டுக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் வரை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

இங்கே ஒரு விசித்திரம் இருக்கிறது. மத்திய அரசின் குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 9,000 ரூபாய். அகவிலைப்படியைச் சேர்த்தால் வருடத்துக்கு 1,20,000ஐத் தாண்டிவிடும். ஆகவே பென்ஷன் வாங்கும் இரண்டாவது வீடு முதலமைச்சர் காப்பீட்டுக்கு வெளியே. பென்ஷன் இல்லாத மூன்றாவது வீடு உள்ளே. மூன்றாவது வீட்டை இன்றைக்குத் தாங்கிக்கொண்டிருப்பது ராணுவம் அல்ல, மாநில அரசு. 70 வயது கடந்தவர்களுக்கு 2024 அக்டோபரில் மத்திய அரசு ஆயுஷ்மான் திட்டத்தை வருமான வரம்பின்றி விரித்தபோதும், ஈ.சி.எச்.எஸ். வைத்திருப்பவர்கள் இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றது.

எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொன்று இருக்கிறது. தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எந்த கார்டும் கேட்காமல் வைத்தியம் உண்டு. நள்ளிரவில் நெஞ்சுவலி என்றால் மணப்பாட்டு வீடுகள் 108ஐத்தான் கூப்பிடும், பாலிகிளினிக்கை அல்ல. இங்கிலாந்தில் எல்லோருக்கும் பொதுவான தேசிய மருத்துவ சேவை இருப்பதால், 'படைவீரரின் மனைவிக்கு யார் செலவழிப்பது' என்ற கேள்வி பெரிதாக எழுவதே இல்லை. இலங்கையிலும் அரசு ஆஸ்பத்திரி எல்லோருக்கும் இலவசம். அங்கே ஊனமுற்ற ராணுவத்தினருக்கும் குடும்பங்களுக்கும் 1999இல் அமைந்த ரணவிரு சேவா அதிகார சபை இருக்கிறது. வடக்கில் எதிர்ப்பக்கம் நின்று கை கால் இழந்த முன்னாள் போராளிகளுக்கு அப்படி எதுவும் இல்லை, பென்ஷனும் இல்லை. அந்த வீடுகளுக்கு மிச்சமிருப்பது அந்தப் பொது ஆஸ்பத்திரிதான்.

பஸ், டோக்கன், மருந்து

கார்டு உள்ள வீட்டுக்கு வருவோம். மணப்பாட்டிலிருந்து காலை பஸ் பிடித்து, திருச்செந்தூரில் மாறி, தூத்துக்குடி போய் ஆட்டோ வைத்துப் பாலிகிளினிக் சேர வேண்டும். டோக்கன் போட்டு டாக்டரைப் பார்த்தால், அவர் எழுதும் ஆறு மருந்தில் நாலு இருக்கும், இரண்டு 'நாட் அவைலபிள்'. வெளியே வாங்கிப் பில் போட்டால் பணம் வரும். எப்போது என்பது வேறு. ஸ்பெஷலிஸ்ட் வேண்டுமென்றால் ரெஃபரல், அந்த ஆஸ்பத்திரியில் இன்னொரு வரிசை. கணவருக்கு மருந்து வாங்க மனைவி கார்டோடு போய்விடலாம். தனக்கே உடம்பு சரியில்லாத நாளில் அவர் போனால், வீட்டில் படுத்திருப்பவரை யார் பார்ப்பது? அதனால் அவர் போவதில்லை. தன் சர்க்கரைக்கு உடன்குடி மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார். கார்டின் கணக்கில் அவர் பயனாளி. நடப்பில் அவர் பயன்படுத்தாதவர். 2021 மேயில் 'சேஹத்' என்ற இணையவழி ஓ.பி. வந்தது, டாக்டரை போனில் பார்க்கலாம், ரத்தம் குத்தவும் மாத்திரை வாங்கவும் பஸ்தான்.

தணிக்கைத் துறைத் தலைவர் 2015இல் ஈ.சி.எச்.எஸ். பற்றித் தனி அறிக்கையே கொடுத்தார். மருந்துத் தட்டுப்பாடு, டாக்டர் பற்றாக்குறை, ஆஸ்பத்திரிகளுக்குப் பில் தீர்ப்பதில் தாமதம் என்று பட்டியல் நீண்டது. பில் பாக்கி ஏறினால் தனியார் ஆஸ்பத்திரி என்ன செய்யும்? கையைச் சுருக்கும். படுக்கை இல்லை என்னும், முன்பணம் கட்டச் சொல்லும். பெரிய நகரத்தில் அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போகலாம். கடைக்கோடி மாவட்டத்தில் சேர்ந்திருப்பதே விரல்விட்டு எண்ணும் அளவு; கண்ணுக்கு ஒன்று, இதயத்துக்கு ஒன்று என்று இருக்கும்போது ஒன்று விலகினாலே அந்த நோய்க்கு வாசல் அடைந்துபோகும்.

இனி கட்டிலுக்கு. முதுகெலும்பு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போட வேண்டும், இரவிலும்தான். இல்லாவிட்டால் பிட்டத்திலும் குதிகாலிலும் புண் வரும். முதலில் சிவப்பாகத் தெரியும், நாலு நாளில் குழியாகும். சிறுநீர்க் குழாய் மாற்ற வேண்டும், பை காலி செய்ய வேண்டும், குழாயில் கிருமி ஏறினால் குளிர்காய்ச்சல். காற்றுப் படுக்கை, கையுறை, டயாபர், பஞ்சு. உப்புக்காற்றடிக்கும் ஊரில் வீல்சேரின் போல்ட்டுகூட ஆறு மாதத்தில் துருவேறிவிடும். மணலில் சக்கரம் உருளாது. இப்படிப்பட்டவர்களுக்கென்று படையின் உயர்ந்த நிலையங்கள் எல்லாம் தூரத்தில்: கால் செய்ய 1944இல் தொடங்கிய செயற்கை அவயவ மையம் புனேயில், முடங்கியவர்களுக்கான மறுவாழ்வு மையம் அதே புனேயின் கிர்க்கியிலும், மொஹாலியிலும். 1965 போரில் குண்டு பட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்து, 1972 ஹைடல்பர்க் பாராலிம்பிக்ஸ் நீச்சலில் தங்கம் வென்ற முரளிகாந்த் பேட்கரைப் பற்றி இப்போது சினிமாவே வந்துவிட்டது. பெருமைதான். நூற்றில் ஒருவர் பேட்கர், மற்றவர்களைப் புரட்டிப்போடுவது மனைவி.

நூறு சதவீதம் ஊனமானவருக்குத் துணைக்கு ஆள் வேண்டும் என்று போர்டு எழுதினால், உதவியாளர்படி உண்டு. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு அது மாதம் 6,750 ரூபாய் ஆனது. உதவியாளர் மனைவிதான் என்பது எல்லோருக்கும் தெரியும். பதினைந்து வருடம் ஆளைத் தூக்கித் தூக்கி அவர் இடுப்பு போனால், அது திட்டத்தின் கண்ணில் பத்தோடு பதினொன்றாக ஒரு முதுகுவலி; பஸ் ஏறிப் போய் டோக்கன் போட வேண்டியதுதான்.

அமெரிக்காவில் இந்த இடத்தை வேறு மாதிரி யோசித்திருக்கிறார்கள். 1973இல் தொடங்கிய சாம்ப்வா என்ற திட்டம், பணியால் நிரந்தரமாகவும் முழுமையாகவும் ஊனமுற்றவர் என்று முடிவான படைவீரரின் மனைவி மக்களுக்கானது. ஓய்வூதியம் உண்டா, எத்தனை வருட சர்வீஸ் என்பதெல்லாம் அங்கே கேள்வி இல்லை, ஊனமே தகுதி. ஆண்டுக்கு ஆளுக்கு 50 டாலர் தாங்களே போட்டு, அதற்கு மேல் கால் பங்கு செலவை ஏற்க வேண்டும். குடும்பத்துக்கு ஆண்டில் 3,000 டாலர் தாண்டினால் மீதி அரசு. பிள்ளைக்கு 18 வயதுவரை, படித்தால் 23. 2010இல் வந்த ஒரு சட்டம், கடுமையாகக் காயம்பட்டவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவருக்கும், வேறு காப்பீடு இல்லாவிட்டால், இதே பாதுகாப்பைக் கொடுத்தது. பார்த்துக்கொள்பவரின் உடம்பும் திட்டத்துக்குள் வந்தது. நம் ஈ.சி.எச்.எஸ். போலப் பங்கு இல்லாத இலவசம் அல்ல அது. அங்கேயும் 'நிரந்தரம், முழுமை' என்ற முத்திரை வாங்க வருடக்கணக்கில் காகிதம் தள்ளுகிறார்கள். ஆனாலும் அந்தத் திட்டம் கேள்வியைச் சரியான ஆளிடம் கேட்கிறது.

தமிழ்நாட்டில் இதற்கு ஈடாகச் சொல்லத்தக்கது ராணுவத் துறையிடம் இல்லை, மாநில சுகாதாரத் துறையிடம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது; இயன்முறை சிகிச்சையும் படுத்த படுக்கையானவர்களுக்கான வலி நிவாரணப் பராமரிப்பும் அதில் உண்டு. வீட்டுக்கு வரும் அந்தப் பெண் பணியாளர் மீனவர் வீடா மிலிட்டரி வீடா என்று பார்ப்பதில்லை. இந்த இரண்டு அமைப்புகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதும் இல்லை. பாலிகிளினிக் எழுதிய மருந்தை அவர் கொண்டுவர முடியாது. அவர் கண்ட புண்ணைப் பாலிகிளினிக் அறியாது. புதிதாக ஒரு கட்டடமும் எழுப்பாமல், இரு தரப்பும் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டாலே மணப்பாடு போன்ற ஊர்களில் பாதி பஸ் பயணம் மிச்சமாகும். கொடிநாள் நிதி என்று டிசம்பர் 7 தோறும் பள்ளிப் பிள்ளைகளிடம் உண்டியல் குலுக்குகிறோமே, அதில் ஒரு பங்கைக் கட்டிலோரச் சாமான்களுக்கென்று ஒதுக்கலாம். அதே நிதியிலிருந்து, ஓய்வூதியம் இல்லாத 65 வயது கடந்த முன்னாள் படைவீரர்களுக்கான மாத வறுமை உதவித்தொகையை 4,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக 2025 நவம்பர் முதல் உயர்த்தியதுபோல.

இதையெல்லாம் இப்போதே பேச வேண்டியதற்குக் காரணம் அக்னிவீரர்கள். 2022 ஜூன் 14 அன்று அறிவித்த அக்னிபத் திட்டப்படி நான்கு வருட சர்வீஸ். கால்வாசிப் பேர்வரை நிரந்தரமாவார்கள், மற்றவர்கள் சுமார் 11.71 லட்சம் ரூபாயோடு வீடு திரும்புவார்கள். பென்ஷன் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதி இல்லை, ஆகவே ஈ.சி.எச்.எஸ்.ஸும் இல்லை. பணியால் ஊனமானால் 100 சதவீதத்துக்கு 44 லட்சம், 75க்கு 25 லட்சம், 50க்கு 15 லட்சம், ஒரே தடவை. இருபத்திரண்டு வயதில் இடுப்புக்குக் கீழே செயலிழக்கும் ஒருவர் இன்னும் நாற்பது ஐம்பது வருடம் வாழ வேண்டும். அதற்குப் பிறகு அவருக்கு வரக்கூடிய மனைவிக்கும் பிள்ளைக்கும் திட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. 44 லட்சம் பெரிய தொகைதான். வங்கியில் போட்டு வட்டியில் சாப்பிட்டால் முதலமைச்சர் காப்பீட்டின் வருமான வரம்பைத் தாண்டிவிடும் அளவுக்குப் பெரியது. முதல் அணிகளின் நான்கு வருடம் 2026 கடைசியிலிருந்து முடியத் தொடங்குகிறது. கேடட்டுகளுக்குச் சில வாரத்தில் கொடுத்த அதே ஈ.சி.எச்.எஸ். ஆணையில், பணியால் ஊனமான அக்னிவீரரையும் அவர் குடும்பத்தையும் சேர்க்க அதற்கு முன் நாள் இருக்கிறது.